அந்தகாரிக்கு ஓர் அர்ச்சனை

போன வாரம் செவ்வாய்க்கிழமை, எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஒரு சூனியக்காரி நன்றாக இருக்க வேண்டும் என்று அர்ச்சனைச் சீட்டு வாங்கினோம். நானும், எங்கள் வீட்டில் வேலை செய்யும் காமாட்சியும்.

உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். இரண்டு பேருக்கும் நல்ல நினைவு இருந்தது. நான் பிரஷர் மாத்திரைகூட மறக்காமல் போட்டிருந்தேன்.

குருக்கள் தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். "பேரு?"

"அந்தகாரி" என்றாள் காமாட்சி.

"நட்சத்திரம்?"

"தெர்ல சாமி. அமாவாசைல பொறந்தவ."

பூக்கூடைக்குப் போய்க்கொண்டிருந்த குருக்களின் கை அப்படியே நின்றது…

இருங்கள். இப்படி நடுவிலிருந்து சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலிலிருந்து வருகிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு 'ஏழு சுடர்' என்று ஒரு சீரியல் வருகிறது. பார்க்கிறீர்களா? 'சீச்சீ, நான் சீரியலே பார்ப்பதில்லை' என்பவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள்… என் வீட்டுக்காரரும் உங்கள் கட்சிதான். சரியாக ஏழு மணிக்குப் பேப்பரை எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் வந்து நிற்பார். காலையிலேயே வரி விடாமல் படித்து முடித்த பேப்பர்.

கதை ரொம்பப் பழசு. சோழர் காலமோ, அதற்குக் கொஞ்சம் பின்னாலோ. நான் ஏழாவது படித்தபோது தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. ஒரு சின்ன ராஜா. அவனுடைய ஊர் ஏரிக்கரையில் அணையாமல் எரியும் ஏழு விளக்குகள். வெளிச்சத்தைத் தின்றே உயிர் வாழும் அந்தகாரி என்ற சூனியக்காரி ஆறு விளக்குகளை விழுங்கிவிடுகிறாள். ஏழாவதை ராஜகுமாரி சுடர்க்கொடி காப்பாற்றி, ஏரிக்கு நடுவே கொண்டுபோய் ஏற்றிவைக்க, அந்தகாரி கரையிலேயே கல்லாகிப் போகிறாள். அவ்வளவுதான், சுபம்.

ஒன்றரைப் பக்கம்! டிவியில் இரண்டாவது வருஷமாக ஓடுகிறது. நாலாவது விளக்கை விழுங்குவதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுசாக ஆயிற்று.

ஆனால் குறை சொல்லக் கூடாது, அமர்க்களம். யானை பறக்கிறது. படிக்கட்டு பேசுகிறது. தண்ணீருக்கு அடியில் ஒரு அரண்மனை, அங்கேயும் கலையாத கொண்டை. ஒரு நாள் ராஜாவின் சமையல்கட்டில் சிவப்பு மிளகாய் மூட்டையைக் காட்டினார்கள். "அந்தக் காலத்துல மிளகாய் ஏது? அது போர்த்துக்கீசியன் கொண்டுவந்ததாச்சே!" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு கண்டனக் குரல். பறக்கும் யானையைப் பற்றி அந்தக் குரல் ஒன்றும் சொல்லவில்லை.

சுடர்க்கொடி அழகாக இருக்கிறாள், அழகாக அழுகிறாள், வேறொன்றும் இல்லை. சீரியலுக்கு உயிரே அந்தகாரிதான். குறிப்பாக அந்தக் குரல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் கொஞ்சம் சிரித்து, பல்லிடுக்கில் சீறிக்கொண்டு வெளியே வரும். "சுடர்க்கொடீ…" என்று அவள் இழுத்தால் எங்கள் ஹாலில் ஃபேனை ஒரு புள்ளி குறைக்கத் தோன்றும்.

காமாட்சிக்கு அவளைக் கண்ணில் காட்டக் கூடாது. காமாட்சி முன்பு அடையாறு ஆற்றோரம் குடியிருந்தவள். இப்போது அரசாங்கம் ஊர்க்கோடியில், பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பியிருக்கிறது. வேலை ஆறரைக்கே முடிந்துவிடும். ஆனாலும் ஏழரை வரை உட்கார்ந்து சீரியலைப் பார்த்துவிட்டுத்தான் மந்தைவெளிக்குப் போய்ப் பஸ் ஏறுவாள். "இப்பவே கெளம்புனா பஸ்ல போய்க்கினு இருக்கும்போதே கத முட்ஞ்சிடும்மா" என்பது அவள் கணக்கு.

பார்க்கும் அரைமணி நேரமும் அவள் வாய் சும்மா இருக்காது. "த்தூ… பாடைல போறவ! இன்னா பார்வ பாக்குறா பாரு! நாசமா பூடுவ நீ! எப்பம்மா இவ கல்லாவா?"

"ஆவா, ஆவா. இன்னும் மூணு விளக்கு இருக்கு" என்று நான் சமாதானம் சொல்வேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்… லிஃப்ட் நின்றது.

இரண்டு மாதம் இருக்கும். நானும் காமாட்சியும் காய்கறிப் பைகளோடு ஏறினோம். கூடவே நாலாவது மாடி ரெஜினா. சாந்தோம் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்குப் போகும்போது பார்ப்பேன். ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், அதோடு சரி. பேசினால் எதிரே நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் வழக்கம்போல இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் கதவைத் தட்டினேன். காமாட்சி "வாச்மேன் நைனா! வாச்மேன் நைனா!" என்று கத்தினாள். யாரும் வரவில்லை. இருட்டு, புழுக்கம், கொத்தமல்லி வாசனை. பத்து நிமிஷம் ஆயிற்று. எனக்கு லேசாகப் படபடப்பு வந்துவிட்டது.

அப்போது மூலையிலிருந்து மெல்லிய குரல். "அக்கா… நான் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?"

"கூப்பிடேம்மா, இதுக்கு என்ன பர்மிஷன்?"

ரெஜினா மூச்சை இழுத்தாள்.

"யாரங்கே…! கதவைத் திற…!"

லிஃப்ட் அதிர்ந்தது. ஒரு தக்காளி பையிலிருந்து உருண்டு விழுந்தது. கீழே வாட்ச்மேன் எழுந்து ஓடினாராம். லிஃப்டை நோக்கி அல்ல, கேட்டை நோக்கி.

காமாட்சி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "யம்மா… அவ… அவ உள்ளகீறாம்மா!"

"நான்தாங்க அது" என்றாள் ரெஜினா, பழைய குரலில், ரொம்பக் கூச்சத்தோடு. "அந்தகாரிக்கு நான்தான் டப்பிங் பேசறேன். பயப்படாதீங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள் காமாட்சி நாலாவது மாடிப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ரெண்டு வருசமா நாசமா போவ, நாசமா போவன்னு திட்டிக்கினே இருந்தனேம்மா. மேல குந்திக்கினு அத்தினியும் அது கேட்டிருக்கும்ல?"

நான் ரெஜினாவைக் கூட்டிவந்து நேரிலேயே பேச வைத்தேன். அவள் சிரித்துவிட்டாள். "நீங்க திட்டினாதான் எனக்கு நிம்மதி. நல்லாப் பேசியிருக்கேன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து ஏழு மணிக்கு அவளும் எங்கள் ஹாலுக்கு வர ஆரம்பித்தாள். வீட்டில் டிவி இல்லையா என்று கேட்டேன். "இருக்குக்கா. அவர் டியூட்டி முடிஞ்சு எட்டு மணிக்குத்தான் வருவார். தனியாப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றாள்.

அப்புறம்தான் அந்த வேலையைப் பற்றியே எனக்குத் தெரிந்தது. அந்தகாரியாக நடிப்பது மும்பைப் பெண். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கேமரா முன்னால் வசனத்துக்குப் பதிலாக ஏக், தோ, தீன் என்று எண்களைச் சொல்வாளாம். "முப்பத்திரண்டு வரைக்கும் கோபமா எண்ணி, முடியை விரிச்சுப் போட்டுட்டுப் போயிடுவாங்கக்கா. அதுக்குள்ள நான் ஒரு ராஜ்யத்தையே சபிச்சு முடிக்கணும். அவங்க வாய் மூடற இடத்துல என் வாயும் மூடணும். ஒரு எழுத்து நீண்டாலும் இன்னொரு டேக்."

கோடம்பாக்கத்தில் ஒரு கண்ணாடி அறை. இருட்டு. ஒரு மைக், ஒரு ஸ்கிரீன். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். அதில் இருபது வருஷம் வெறும் கூட்டத்துக் குரல். சந்தையில் இரைச்சல் போடுகிறவள், சாவு வீட்டில் பின்னால் அழுகிறவள், 'இளவரசி, வாருங்கள்' தோழி. "அந்தப்புரத்துல பத்துப் பேர் சிரிச்சா, அதுல நாலு சிரிப்பு என்னுதா இருக்கும்" என்றாள். பெயர் வைத்த பாத்திரம் என்று ஒன்று கிடைத்தது இந்த அந்தகாரிதான். நாற்பத்தெட்டு வயதில்.

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதல் பிரசவம் ஆனவள் மாதிரி ஒரு பூரிப்பு.

காமாட்சி கட்சி மாறிவிட்டாள். ஒரே வாரத்தில்! "அந்தச் சுடர்க்கொடி சும்மா சும்மா அழுதுக்கினு கீது. நம்ம பொம்பள இன்னா தில்லா நிக்குது பாரும்மா" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் மட்டும் என்ன? ஐந்தாவது விளக்கு அணைந்தபோது எங்கள் ஹாலில் கைதட்டினோம். ஒருவரை மனசார வெறுக்க வேண்டுமானால் கொஞ்சம் எட்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு லிஃப்டுக்குள் சேர்ந்து மாட்டிக்கொண்டால் அது நடப்பதில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை ரெஜினா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்தாள். காபி கொடுத்தேன். ஆடை கட்டும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை என்னைக் கொல்றாங்கக்கா."

காமாட்சி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

விஷயம் இதுதான். மும்பைப் பெண்ணுக்கு சினிமா வாய்ப்பு வந்துவிட்டது. மாசக் கடைசிக்குள் போக வேண்டுமாம். அதனால் ஆறாவது விளக்கைப் புதன்கிழமை அவசரமாக விழுங்கவைத்து, வெள்ளிக்கிழமை அந்தகாரியைக் கல்லாக்கிவிடுவது என்று முடிவு. பிறகு சுடர்க்கொடியின் கல்யாணத்தை வைத்தே வண்டியை ஓட்டிக்கொள்வார்களாம்.

"உனக்கு வேற கேரக்டர் தர மாட்டாங்களா?" என்றேன்.

"திரும்பக் கூட்டத்துல நிக்கச் சொல்லுவாங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சர்ச்சுல பூசைக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்க்கா. 'ஒரு நல்ல காரியம் நடக்க'ன்னு மட்டும். சூனியக்காரி பேரை எழுத எனக்கு தைரியம் வரலை."

"பேர் சொல்லாங்காட்டி சாமிக்கு யாருக்குன்னு எப்டித் தெரியும்?" என்றாள் காமாட்சி. "நாளைக்கி செவ்வாய்கெழம. அம்மன் கோயிலாண்ட நான் போறேன். பேர் சொல்லியே பண்ணிட்டு வரேன்."

என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார். "கதையிலேயே அவ கல்லாத்தான் ஆறா. பாடப் புத்தகத்துல இருக்கு. அதை யார் மாத்த முடியும்?" என்றார்.

"பாடப் புத்தகத்துல யானை பறந்துதா?" என்று கேட்டேன். பேப்பர் மறுபடி மேலே போய்விட்டது.

அப்படித்தான் நாங்கள் குருக்கள் முன்னால் போய் நின்றோம்.

குருக்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏழு மணிக்கு வராளே… அவளா?"

"அவதான் சாமி."

"எங்காத்து மாமி அவ கல்லாப் போகணும்னு ஆறு வாரமா வெள்ளிக்கிழமை தவறாம நெய் விளக்கு ஏத்திண்டிருக்கா. நீங்க அவ நன்னா இருக்கணும்னு அர்ச்சனை கேக்கறேள். அம்பாள் யார் பேச்சைக் கேப்பா, சொல்லுங்கோ!"

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. அலுவலகப் பையோடு நின்ற ஒரு பெண், "சீக்கிரம் மாமா, தரமணி போகணும்" என்றாள். நான் இரண்டே நிமிஷத்தில் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடி அறை, இருபத்திரண்டு வருஷம், கூட்டத்துக் குரல், வெள்ளிக்கிழமை. குருக்கள் கேட்டுக்கொண்டே பூவை உதிர்த்தார். தரமணிப் பெண்ணும் அவசரத்தை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குரல் குடுக்கறவா பேரு?"

"ரெஜினா."

"அவா பேர்லயே பண்ணிடறேன். சூனியக்காரிக்குப் பண்ணினேன்னு தெரிஞ்சா மாமி எனக்குச் சாதம் போட மாட்டா."

சமஸ்கிருதத்துக்கு நடுவே 'ரெஜினா' என்ற பெயர் கணீரென்று ஒலித்தது. அம்மன் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. குங்குமத்தைக் கையில் போடும்போது குருக்கள் சொன்னார். "கல்லாயிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு ஏன் நினைச்சுக்கணும்? நான் முப்பது வருஷமா யாரோட பேசிண்டிருக்கேன்?"

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏரி நடுவே விளக்கு எரிந்தது. அந்தகாரியின் கால், இடுப்பு, கை என்று ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமானது. கடைசியாக ஒரு அலறல். ரெஜினா அதை முந்தின நாள் ஒரே டேக்கில் பேசியிருந்தாள். அந்த அலறலில் கோபம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வேறு ஏதோ.

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கைதட்டல் கேட்டது. எதிர் ஃப்ளாட்டில் யாரோ விசில் அடித்தார்கள். எங்கள் அபிராமபுரமே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் ஹாலில் மட்டும் நாலு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். ஆமாம், நாலு பேர். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முதல் தடவையாக சோபாவில் வந்து உட்கார்ந்திருந்தார்.

காமாட்சி தேம்பித் தேம்பி அழுதாள். ரெஜினாதான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். செத்தவளே துக்கம் விசாரிப்பவர்களைத் தேற்றியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சனி, ஞாயிறு லிஃப்டில்கூட ரெஜினாவைக் காணவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், ஏழுக்கு ஐந்து நிமிஷம். நாங்கள் டிவியே போடவில்லை. சுடர்க்கொடியின் கல்யாணத்தை யார் பார்ப்பது? காமாட்சிகூடப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். காலிங்பெல் அடித்தது. வாசலில் ரெஜினா. தெருவிலிருந்து நேரே மாடிப்படி ஏறி வந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது.

"டிவியைப் போடுங்கக்கா."

"என்னம்மா ஆச்சு?"

"போடுங்களேன்!"

போட்டோம். ஏரிக்கரை. மேளதாளம். பட்டுப் புடவையில் சுடர்க்கொடி தோழிகளோடு நடந்து வருகிறாள். கரையில் ஒரு கருங்கல். தாண்டிப் போகிறாள். நாலு அடி, ஐந்து அடி…

"சுடர்க்கொடீ…"

மேளம் நின்றது. கல் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"விளக்கை ஏற்றிவிட்டாய்… போ. சந்தோஷமாகப் போ. எண்ணெய் தீரும் நாள் எனக்குத் தெரியும்."

காமாட்சி பையைத் தூக்கி மேலே எறிந்தாள். "கல்லு பேசுதும்மா! நம்ம பொம்பள பேசுது!"

நடந்தது என்னவென்றால், சனிக்கிழமை டைரக்டர் கல்யாண எபிசோடைப் போட்டுப் பார்த்திருக்கிறார். உப்புச் சப்பில்லாமல் இருந்ததாம். 'முகம் போனாப் போகட்டும், அந்தக் குரல் எங்கே?' என்று கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது ரெஜினாவுக்கு ஃபோன். திங்கள் காலையில் பேசி, சாயங்காலமே ஒளிபரப்பு. சீரியல் உலகத்தில் இதெல்லாம் சகஜமாம். இனிமேல் தினமும் கல் பேசும்.

"வாய் அசையவே இல்லையே, எப்படி மேட்ச் பண்ணினே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சோபாவிலிருந்துதான். அவர் மறுபடி பின்னால் போகவே இல்லை.

ரெஜினா அவரைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கிற்று.

"கல்லுக்கு ஏது சார் வாயி? இருபத்திரண்டு வருஷமா யாரோ ஒருத்தர் வாயைப் பார்த்துப் பார்த்துப் பேசினேன். அவங்க நிறுத்தினா நிறுத்தினேன். இன்னிக்கு எனக்கு எங்க மூச்சு விடணும்னு தோணிச்சோ அங்க விட்டேன். 'போ'ன்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் சும்மா நின்னேன். யாரும் கட் சொல்லலை."

நான் எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

நேற்று செவ்வாய்க்கிழமை. காமாட்சி இன்னொரு அர்ச்சனைச் சீட்டோடு கோயிலுக்குப் போனாள். பெயர் கேட்டதற்கு, இந்தத் தடவையும் தைரியமாக "அந்தகாரி" என்றுதான் சொன்னாளாம். குருக்கள் நட்சத்திரம் கேட்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பெயரிலேயே அர்ச்சனை செய்தாராம்.

மாமி வேண்டிக்கொண்டபடியே அந்தகாரி கல்லாகிவிட்டாள், நாங்கள் வேண்டிக்கொண்டபடியே நன்றாகவும் இருக்கிறாள்… எங்கள் தெருமுனை அம்மன் யார் மனசையும் நோகடிக்க மாட்டாள்!